நாக்கு ஒட்டிய குழந்தைக்குக் கழுத்துப் பிடிப்பை எடுத்துவிட்டால் பால் குடிக்குமா?

கேள்வி: மெல்பர்னில் இருக்கிறோம். என் மகனுக்கு ஐந்து வாரம். பிறந்தபோது 3.2 கிலோ, இப்போது 3.7 கிலோ. பால் கொடுக்கும்போது எனக்கு உயிர் போகிற வலி, காம்பு வெடித்துவிட்டது. குடிக்கும்போது ‘டக் டக்’ என்று சத்தம் வருகிறது, ஒவ்வொரு முறையும் முக்கால் மணி நேரம் ஆகிறது. நாக்கு ஒட்டியிருக்கும் என்று தோழி சொன்னதால் ஒரு கைரோபிராக்டரிடம் (முதுகெலும்பையும் கழுத்தையும் கையால் அழுத்திச் சரிசெய்பவர்) காட்டினேன். கழுத்தும் தாடையும் இறுகியிருக்கிறது, நாக்கை வெட்டுவதற்கு முன் மூன்று முறை, பின் மூன்று முறை தன்னிடம் வர வேண்டும் என்கிறார். நான் பால் கொடுப்பதை அவர் பார்க்கவில்லை. ஊரில் இருக்கும் அம்மாவோ, “உரம் விழுந்திருக்கும், யாரையாவது பிடித்து எடுத்துவிடு” என்கிறார். நான் யார் பேச்சைக் கேட்பது?

பதில்: உங்கள் அம்மாவும் அந்தக் கைரோபிராக்டரும் ஒருவரையொருவர் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் இருவரும் சொல்வது ஒன்றுதான்: கழுத்தில் எங்கோ பிடித்திருக்கிறது, அதை எடுத்துவிட்டால் குழந்தை குடிக்கும். ஒருவர் சேலையில் போட்டு உருட்டச் சொல்கிறார், இன்னொருவர் மேசையில் படுக்க வைத்து விரலால் அழுத்துகிறார். பால் குடிக்கிற வாயை இருவருமே பார்க்கவில்லை.

முதலில் உங்கள் பயத்தைக் கொஞ்சம் இறக்கி வைக்கிறேன். பிறந்த குழந்தை முதல் சில நாட்களில் எடை குறைந்து, இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பும். அதன் பிறகு நாளுக்கு 20 முதல் 30 கிராம் ஏற வேண்டும். உங்கள் மகன் அந்தக் கணக்குக்குள்தான் இருக்கிறான். ஒரு நாளில் ஆறு நாப்பியாவது நன்றாக நனைகிறது என்றால் அவன் பட்டினி கிடக்கவில்லை. அவஸ்தைப்படுவது நீங்கள். அதையும் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை. வலி தாங்காமல்தான் பல தாய்மார்கள் தாய்ப்பாலையே விட்டுவிடுகிறார்கள்.

நாக்குக்கு அடியில் இருப்பதை நம் ஊரில் ‘நரம்பு’ என்போம். “நரம்பை வெட்டப் போறாங்களாம்” என்று பாட்டிமார் பதறுவதும் அந்தச் சொல்லால்தான். அது நரம்பு அல்ல, மெல்லிய சவ்வு. எல்லோருக்கும் உண்டு. சிலருக்கு அது குட்டையாகவோ நாக்கு நுனி வரை நீண்டோ இருக்கும். அழும்போது நுனி இதய வடிவில் மடங்கும். அப்படி இருந்தாலே பால் குடிக்க முடியாது என்பதில்லை. நாக்கு ஒட்டிய குழந்தைகளில் பாதிக்கும் குறைவானவர்களுக்கே தாய்ப்பால் குடிப்பதில் சிரமம் வருகிறது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2024 அறிக்கையில் சொல்லியிருக்கிறது.

இனி கைரோபிராக்டிக். சவ்வு குட்டை என்றால் கழுத்தை எவ்வளவு நீவினாலும் அது நீளப் போவதில்லை. “எங்களிடம் வந்தவர்கள் எல்லோரும் குடித்தார்களே” என்பார்கள். 2009-ல் 114 குழந்தைகளை வைத்து அப்படி ஓர் ஆய்வே வந்தது. ஆனால் அதில் சிகிச்சை பெறாத குழந்தைகளை ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. ஐந்தாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரத்துக்குள் குழந்தையின் வாய் வளர்கிறது, தாய்க்கும் கை பழகிவிடுகிறது. அந்த நேரத்தில் யார் எதைச் செய்தாலும் பலன் தெரியும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை.

நீங்கள் இருக்கும் ஊரிலேயே இது பெரிய விவகாரம். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு முதுகெலும்பைக் கையாளும் சிகிச்சை செய்யக் கூடாது என்று ஆஸ்திரேலியக் கைரோபிராக்டிக் வாரியம் 2019-ல் நிறுத்தி வைத்தது. குழந்தைகளுக்கு இதனால் பலன் உண்டு என்பதற்கு வலுவான சான்று இல்லை என்று அதே ஆண்டு விக்டோரியா அரசின் ஆய்வும் சொன்னது. 2023 நவம்பரில் வாரியம் தடையைத் தளர்த்தியது. சுகாதார அமைச்சர்கள் எதிர்த்ததால் 2024 ஜூனில் மீண்டும் கொண்டுவந்தது. “நாங்கள் நெட்டி முறிப்பதில்லை, பூப்போலத் தொடுவோம்” என்று உங்களிடம் சொல்லியிருக்கலாம். பூப்போலத் தொட்டால் பெரிய ஆபத்து இல்லைதான். பலனும் இல்லை. என் கவலை அந்த ஆறு முறைக்குப் போகும் வாரங்களைப் பற்றியது. வலிக்குப் பயந்து நீங்கள் பால் கொடுப்பதைக் குறைப்பீர்கள், குறைத்தால் சுரப்பும் குறையும்.

எப்போதும் ஒரே பக்கம்தான் திரும்புகிறானா, மறுபக்கம் திருப்பினால் அழுகிறானா? அப்படியென்றால் கழுத்துத் தசை உண்மையிலேயே இறுகியிருக்கலாம். அதற்குக் குழந்தை மருத்துவரும் பிசியோதெரபிஸ்டும் இருக்கிறார்கள்.

இன்றைக்கே ஒன்று செய்து பாருங்கள். சற்றுச் சாய்ந்து உட்கார்ந்து, அவன் வயிறு உங்கள் வயிற்றோடு ஒட்டும்படி அணைத்துக்கொள்ளுங்கள். காம்பு அவன் வாய்க்கு நேராக அல்ல, மூக்குக்கு நேராக இருக்கட்டும். கொட்டாவி விடுவதுபோல வாய் திறக்கும்வரை அவசரப்படாதீர்கள். திறந்ததும் முகவாய் முதலில் மார்பில் பதியும்படி அணையுங்கள். காம்பைச் சுற்றியுள்ள கருவளையத்தில் கீழ்ப்பகுதி அதிகமாக உள்ளே போக வேண்டும். முதல் அரை நிமிடத்துக்குப் பிறகும் சுரீரென்று வலித்தால், அவன் வாய் ஓரத்தில் சுண்டுவிரலை விட்டு எடுத்துவிட்டு மறுபடி வையுங்கள். குடித்து முடித்ததும் காம்பைப் பாருங்கள். உருண்டையாக வந்தால் பிடிப்பு சரி. புது லிப்ஸ்டிக் முனை மாதிரி ஒரு பக்கம் சரிந்து, வெளுத்து வந்தால் அவன் காம்பை மட்டும் நசுக்குகிறான்.

நாப்பி கணக்கையும் இதையும் உங்கள் பகுதி தாய்-சேய் நல நர்ஸிடம் சொல்லுங்கள். விக்டோரியாவில் அந்தச் சேவை இலவசம். பால் கொடுப்பதை முழுசாக உட்கார்ந்து பார்க்கும் தாய்ப்பால் ஆலோசகர் ஒருவரையும் கேளுங்கள். பாதிப் பேருக்கு மேல் அங்கேயே சரியாகிவிடும் என்பது என் அனுபவம்.

அதற்குப் பிறகும் வலி தீரவில்லை, சவ்வும் தெளிவாகக் குட்டை என்றால், வெட்டுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. கத்தரிக்கோலால் சில நொடி வேலை. இரண்டு மூன்று சொட்டு ரத்தம் வரும், உடனே பால் கொடுக்கலாம். ஐந்து சிறிய ஆய்வுகளை, மொத்தம் 302 குழந்தைகளை, 2017-ல் சேர்த்துப் பார்த்தபோது தாயின் காம்பு வலி கொஞ்ச காலத்துக்காவது குறைந்தது தெரிந்தது. குழந்தை குடிப்பது மேம்பட்டதா என்பதற்கு ஒரே மாதிரியான பதில் கிடைக்கவில்லை. பிறந்தபோது ரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே ஊசி போட்டார்களா என்று முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள். லேசருக்கு அதிகப் பணம் கொடுக்க வேண்டாம். வெட்டிய இடத்தைத் தினமும் விரலால் தேய்க்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். வாயில் எது பட்டாலும் குழந்தை மிரளும்.

நாப்பி நனைவது குறைந்தாலோ, எழுப்பியும் எழாமல் துவண்டு கிடந்தாலோ, உடம்புச் சூடு 38 டிகிரியைத் தொட்டாலோ இந்தப் பேச்செல்லாம் ஒதுக்கிவிட்டு நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

அம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: உரம் எடுக்க வேண்டாம், தலை நிற்காத குழந்தையைச் சேலையில் போட்டு உருட்டக் கூடாது. எண்ணெய் தடவிக் கை காலை இதமாக நீவிவிடலாம். மூக்கிலும் காதிலும் மட்டும் ஒரு சொட்டுக்கூட விட வேண்டாம்.