மாட்டுக்கு ஐந்து மாடு

வணக்கம்.
17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் தீவிரக் கிறிஸ்தவர்கள் பைபிளில் உள்ள மோசேயின் சட்டத்தை நாட்டுச் சட்டமாக்கக் கேட்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அது மதவெறி ஆட்சிக்கான கோரிக்கைதானே? அதைச் சீர்திருத்தம் என்பது எப்படி?
எஸ்.

அன்புள்ள எஸ்.,

திருட்டு வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 12 பென்ஸுக்கு மேல் மதிப்புள்ள பொருளைத் திருடினால் அன்று தூக்கு. முதல்முறை சிக்கியவன் பைபிளின் சங்கீதம் 51-இன் முதல் வசனத்தை வாசித்துக் காட்டினால், பாதிரியார்களுக்கென்று இருந்த பழைய சலுகையின்படி, கட்டைவிரலில் சூடுபோட்டு விட்டுவிடுவார்கள். படிக்கத் தெரியாதவர்கள் அதை மனப்பாடம் செய்துகொண்டு வருவார்கள். குதிரை திருடியவனுக்கு இந்தச் சலுகை கிடையாது. பெண்களுக்கு 1624 வரை அறவே இல்லை. பிறகும் 10 ஷில்லிங்குக்குக் (ஒரு ஷில்லிங் 12 பென்ஸ்) குறைந்த திருட்டுக்கு மட்டும்தான். ஆளைக் கொல்ல மனம் வராத ஜூரிகள், திருட்டுப்போன பொருளின் விலையே 10 பென்ஸ்தான் என்று தீர்ப்புச் சொல்வார்கள். கடவுள் பேரில் சத்தியம் செய்துவிட்டுச் சொல்லும் பொய் அது.

மோசேயின் சட்டம் இருக்கும் பைபிள் நூலான யாத்திராகமத்தின் 22-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். திருடிய மாட்டைக் கொன்றாலோ விற்றாலோ ஐந்து மாடு, ஆட்டுக்கு நாலு ஆடு; திருடிய மிருகம் உயிரோடு அவன் கையில் அகப்பட்டால் இரட்டிப்பு. உயிருக்கு உலை இல்லை, பறிகொடுத்தவனுக்கும் பொருள் திரும்புகிறது. தேவன் உயிர் கேட்காத குற்றத்துக்கு அரசு எப்படி உயிரைக் கேட்கலாம் என்று 1652-இல் சாமுவேல் சிட்லி என்ற சீர்திருத்தவாதி துண்டறிக்கை போட்டார், அதுவும் சிவப்பு மையில். அதற்கு முன்பே டெர்பி சிறையிலிருந்து, குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைத் தொடங்கிய ஜார்ஜ் ஃபாக்ஸ் நீதிபதிகளுக்கு இதையே எழுதினார். ஈடுகட்ட வழியில்லாதவன்? அவனையே விற்கச் சொல்கிறது யாத்திராகமம். சீர்திருத்தம் கேட்டவர்களில் பலர், அவன் உழைத்துத் தீர்க்கட்டும் என்றார்கள்.

உங்கள் அச்சத்துக்கும் ஆதாரம் உண்டு. 1650 மே மாதம் நாடாளுமன்றம் விபசாரத்துக்கு மரண தண்டனை விதித்தது. அதுவும் பைபிளிலிருந்து வந்ததுதான். அதை என்னால் நியாயப்படுத்த முடியாது. ஜூரிகளுக்கும் மனம் ஒப்பவில்லை. அதன்படி தூக்கிலேறியவர்கள் மிகச் சிலரே.

ஆனால் இந்த வாதங்கள் எங்கிருந்து பிறந்தன என்று பாருங்கள். செருப்புத் தைப்பவர் கையிலும் ஆங்கில பைபிள் இருந்தது. நாட்டுச் சட்டமோ பிரெஞ்சிலும் லத்தீனிலும், வக்கீல்கள் மட்டுமே படிக்கக்கூடிய கோர்ட்டுக் கையெழுத்திலும் கிடந்தது. தன்மேல் சுமத்தப்பட்ட குற்றச்சாட்டைக் கைதியால் வாசிக்க முடியாது. 1649-இல் ராஜதுரோக வழக்கில் நின்ற, சம உரிமை கேட்ட லெவலர் இயக்கத்தின் தலைவர் ஜான் லில்பர்ன் ஜூரிகளிடம் நேரடியாகப் பேசி, சட்டத்துக்கும் நீங்களே நீதிபதிகள் என்று வாதாடி விடுதலையானார். மறு ஆண்டு நவம்பரில் கோர்ட்டு நடவடிக்கைகளை ஆங்கிலத்துக்கு மாற்றச் சட்டம் வந்தது. 1660-இல் மன்னராட்சி திரும்பியதும் அது போயிற்று. கோர்ட்டுக்கு ஆங்கிலம் திரும்பி வர 1733 ஆயிற்று.