பண்டிகை விடுமுறையைத் தனியாகக் கழித்திருக்கிறீர்களா? அதை ரசிக்க முடியுமா?

முடியும். ஆனால் முதலில் சோற்றுக்கு வழி பண்ணிக்கொள்ள வேண்டும்.

எனக்கு ஊர் கோவில்பட்டி. வேலை சென்னையில், ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில். இருப்பது திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷன் அறை. எங்களிடம் தீபாவளிக்கு ஊருக்குப் போனவர்கள் பொங்கலுக்கு டியூட்டி பார்க்க வேண்டும். பொங்கலன்று ஓய்வு, மறுநாள் மதியம் ஷிப்ட், காணும் பொங்கலுக்கு மறுபடி ஓய்வு என்று வந்தால் ஊருக்குப் போய்த் திரும்ப நேரம் போதாது. அதனால் சென்னைப் பொங்கல் எனக்குப் பழகிய விஷயம்.

சோறு என்று ஏன் சொன்னேன் என்றால், நாம் தினமும் சாப்பிடும் மெஸ்ஸில் சமைப்பவரும் பரிமாறுபவரும் தென் மாவட்டத்துக்காரர்களாகத்தான் இருப்பார்கள். போகிக்கு முதல் நாளே கதவில் அட்டை தொங்கும். பெரிய ஓட்டல்கள் திறந்திருக்கும், ஆனால் அங்கே குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருப்பவர்களுக்கு நடுவே டேபிள் பிடிப்பது ஒரு கொடுமை. மறுநாள் மாட்டுப் பொங்கல், அன்றே திருவள்ளுவர் தினம். இறைச்சிக் கடைகளும் கிடையாது. ஆகவே முட்டை, ரொட்டி, வாழைப்பழம், இட்லி மாவு எல்லாம் முதல் நாளே அறைக்கு வந்துவிட வேண்டும். வயிறு காய்ந்து கிடக்கும்போதுதான் அம்மா நினைப்பு ரொம்ப வரும்.

அடுத்தது போன். வீட்டில் பொங்கல் வைக்கும் நேரத்தை முன்பே கேட்டுக்கொண்டு நானே வீடியோ காலில் கூப்பிட்டுவிடுவேன். பால் பொங்கி வழிவதைப் பார்த்தாயிற்று, அம்மாவும் "என்னல சாப்பிட்ட?" என்று கேட்டாயிற்று, சரி, அவ்வளவுதான். அப்புறம் சாயந்தரம் வரை ஸ்டேட்டஸ் பக்கமே போவதில்லை. அடுத்தவர் வீட்டுப் பொங்கல் பானையை வரிசையாகத் தள்ளிப் பார்ப்பதைப் போல வீண் வேலை கிடையாது.

இதெல்லாம் முடிந்த பிறகு கிடைப்பதுதான் நிஜமான விடுமுறை. தைப் பிறப்பன்று காலை ஆறு மணிக்குத் திருவல்லிக்கேணியில் நடந்து பாருங்கள். மற்ற நாளில் பைக்கும் தள்ளுவண்டியும் அடைத்துக் கிடக்கும் சந்துகளில் அன்று முழு அகலத்துக்குக் கோலம் இருக்கும். பார்த்தசாரதி கோயிலைச் சுற்றி மெதுவாக ஒரு நடை, திறந்திருக்கும் ஏதோ ஒரு கடையில் காபி, பிறகு மயிலாப்பூரில் பறக்கும் ரயில் ஏறி வேளச்சேரி வரை ஜன்னலோரமாக ஒரு பயணம். போய் இறங்கி எந்த வேலையும் பார்க்க வேண்டியதில்லை, அடுத்த வண்டியில் திரும்பிவிடலாம். யாராவது கூட வந்திருந்தால் "இதுக்கா வந்தோம்?" என்று கேட்டிருப்பார்கள். சாயந்தரம் தெருமுனையில் விற்காமல் நிற்கும் கரும்பு விலை இறங்கிவிடும். ஒன்று வாங்கி மொட்டை மாடியில் உட்கார்ந்து கடித்துத் துப்பலாம்.

மாட்டுப் பொங்கல் எல்லாம் கிராமத்தில்தான் என்று நினைக்க வேண்டாம். திருவல்லிக்கேணியில் இன்னும் பால்மாடு வைத்திருப்பவர்கள் உண்டு. நான் ஷிப்டுக்குக் கிளம்பும் நேரத்தில் கொம்புக்குச் சாயம் பூசிய மாடு ஒன்று எதிரே வரும், மருத்துவமனை வேலைக்குப் போவது கொஞ்ச நேரம் மறந்துபோகும்.

காணும் பொங்கல்தான் சிக்கல். மெரினா, வண்டலூர், மாமல்லபுரம், கிண்டி சிறுவர் பூங்கா, எல்லா இடத்திலும் கட்டுக்கடங்காத கூட்டம். கடலில் இறங்க முடியாதபடி போலீஸ் தடுப்பு போட்டிருக்கும். காலித் தெருவில் தனியாக நடப்பது எனக்கு உறுத்தியதே இல்லை. கட்டுச்சோறும் போர்வையுமாக வந்து மணலில் உட்கார்ந்திருக்கும் குடும்பங்களுக்கு நடுவே நடந்தால்தான் உறுத்துகிறது. அதனால் அன்று துணி துவைப்பேன், தூங்குவேன்.

இல்லையென்றால் நந்தனம் ஒய்எம்சிஏ மைதானத்தில் புத்தகக் கண்காட்சி. அங்கேயும் கூட்டம்தான், ஆனால் தனியாக வருபவர்கள் நிறைய. ஒரே ஸ்டாலில் ஒரு மணி நேரம் நின்றாலும் கையைப் பிடித்து இழுக்க ஆளில்லை. பொங்கலையொட்டித்தான் பெரும்பாலும் நடக்கும். 2025இல் மட்டும் ஜனவரி 12ஆம் தேதியே முடித்துவிட்டார்கள், எனவே தேதியைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

இன்னொன்று. சென்னைக்கார நண்பர் சாப்பிடக் கூப்பிட்டால் போகலாமா என்றால், ஒரு வேளைக்குப் போங்கள். நாள் முழுக்க இருக்க வேண்டாம். மதியத்துக்கு மேல் அந்த வீட்டுப் பெரியவர்கள் கல்யாணப் பேச்சை எடுத்துவிடுவார்கள்.

இவ்வளவு சொன்னாலும், லீவு கிடைக்கிற வருஷம் ஊருக்குத்தான் போவேன். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்பு திறக்கும் காலையில் நானும் போனைக் கையில் வைத்துக்கொண்டு எட்டு மணிக்குக் காத்திருப்பவன்தான்.