இழுத்தால் பிரியாத டிராயர் மூலை

கேள்வி: நானே செய்த மேசையில் மூன்று டிராயர்கள் இருக்கின்றன. முன்பலகையைப் பக்கப் பலகைகளின் நுனியில் வைத்து, பசை தடவி, முன்னாலிருந்து ஆணி அடித்தேன். ஒரு வருடத்துக்குள் இரண்டு டிராயர்களில் முன்பலகை கையோடு வந்துவிட்டது. மறுபடி பசை போட்டும் நிற்கவில்லை. பக்கப் பலகை 12 மி.மீ., முன்பலகை 18 மி.மீ., எல்லாம் மரம்தான். கை ரம்பம், இரண்டு உளி, டிரில், கிளாம்ப் இருக்கின்றன. பலகையில் பள்ளம் வெட்டும் மின்கருவியான ரவுட்டர் இல்லை. எந்த இணைப்பு போட்டால் நிற்கும்? டவ்டெயில்தான் போட வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. டவ்டெயில், அதாவது புறா வால் போல விரிந்த துண்டுகளைக் கோத்துப் பூட்டுகிற மூலை இணைப்பு, இல்லாமலும் பல வருடம் உழைக்கிற டிராயர் செய்யலாம், உங்களிடம் இருக்கிற கருவிகளை வைத்தே. ஆனால் முதலில் உங்கள் மூலை ஏன் விட்டுப்போனது என்று பார்த்துவிடுவோம். ஆணி குறைந்ததால் இல்லை. அது இறங்கிய திசைதான் சிக்கல்.

டிராயரைத் திறக்கும்போது கை பிடிப்பது முன்பலகையை மட்டும்தான். உள்ளே இருக்கும் எடையும், அடியில் உரசலும், ஈரக் காலத்தில் வருகிற இறுக்கமும் சேர்ந்து பக்கப் பலகைகளைப் பின்னால் பிடித்து வைக்கின்றன. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அந்த மூலையில் ஒரு கயிறிழுப்பு நடக்கிறது. நீங்கள் முன்னாலிருந்து அடித்த ஆணியோ பக்கப் பலகையின் அறுத்த நுனிக்குள், நார் ஓடும் திசையிலேயே போயிருக்கிறது. நார்களை விலக்கிக்கொண்டு நுழைகிற ஆணிக்கு அங்கே பிடிப்பு மிகக் குறைவு. போதாததற்கு, கை இழுக்கும் திசையும் ஆணியின் திசையும் ஒன்றேதான். உருவுவதற்கு வசதியாக அடித்து வைத்தது போல ஆகிவிட்டது.

பசையின் கதையும் அதுதான். அறுத்த நுனியில் மரத்தின் நுண்குழாய்கள் வாயைத் திறந்துகொண்டு இருக்கும். தடவிய பசையில் பெரும்பகுதியை அவை குடித்துவிடும், ஒட்ட வேண்டிய இடத்தில் கொஞ்சம்தான் மிஞ்சும். இரண்டாம் முறை நிற்காததற்கு இன்னொரு காரணமும் உண்டு. வழக்கமான வெள்ளைப் பசை காய்ந்துவிட்டால், அதன் மேல் புதுப் பசை சரியாகப் பிடிக்காது. பழையதைச் சுரண்டி, புது மரம் தெரியும்வரை போக வேண்டும்.

உங்களுக்கு நான் சொல்வது படிவெட்டும், பக்கவாட்டில் மர ஆணியும். இருக்கிற முன்பலகையையே பயன்படுத்தலாம். அதன் உட்பக்கத்தில், இரண்டு முனையிலும் பக்கப் பலகை வந்து உட்காரும்படி ஒரு படி எடுங்கள். படியின் அகலம் பக்கப் பலகையின் கனம். 12 என்று ஸ்கேலில் அளக்காதீர்கள், அந்தப் பலகையையே வைத்துக் கோடு போடுங்கள். 12 என்று வாங்கிய பலகை எப்போதும் 12 ஆகவே இருப்பதில்லை. ஆழம் 13 மி.மீ. எடுத்தால் முன்னால் 5 மி.மீ. உதடு மிஞ்சும், அது பக்கப் பலகையின் நுனியை மறைத்துவிடும்.

கோட்டைப் பேனாக்கத்தியால் கீறிக்கொள்ளுங்கள். கோட்டோரமாக ஒரு நேரான கட்டையைக் கிளாம்ப் போட்டு, ரம்பத்தை அதில் சாய்த்து அறுத்தால் வெட்டு நேராக இறங்கும். மிச்சத்தை உளியால் பிளந்து எடுக்கலாம், ஆனால் ஒரே அடியில் கோட்டுக்குப் போகாதீர்கள். நார் சாய்ந்திருந்தால் பிளவு கோட்டைத் தாண்டி உதட்டுக்குள் போய்விடும். பாதி கனத்தை முதலில் எடுத்துப் பார்த்தால் நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரிந்துவிடும். அப்புறம் மெல்ல மெல்லச் சீவி இறக்குங்கள்.

இப்படிச் செய்யும்போது பக்கப் பலகை 13 மி.மீ. முன்னால் ஏறும், டிராயரின் உள் நீளம் அவ்வளவு குறையும். பழைய பசை போக நுனியில் 2 மி.மீ. அறுத்தால் அதையும் சேர்த்து அடிப்பலகையைக் குறைக்க வேண்டும். இதை மறந்துவிட்டு, பசை தடவிய பிறகு அடிப்பலகை நுழையவில்லை என்று திண்டாடியவர்களில் நானும் ஒருவன்.

பசை போடும்போது நுனிகளில் முதலில் மெல்லிசாக ஒரு பூச்சு, ஐந்து நிமிடம் விட்டு, அப்புறம் வழக்கமான பூச்சு. முதல் பூச்சை மரம் குடிக்கட்டும், இரண்டாவது ஒட்டுவதற்கு. கிளாம்ப் போட்டதும் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். ஒன்று நீளமாக இருந்தால், அந்த இரண்டு மூலைகளையும் உள்நோக்கி அழுத்திச் சமமாக்குங்கள். பசை காய்ந்தபின் செய்ய முடியாத வேலை இது.

ஒரு நாள் காய்ந்ததும் மர ஆணி. பக்கப் பலகையின் வெளிப்புறத்தில், உதட்டின் உள்விளிம்பிலிருந்து 6 அல்லது 7 மி.மீ. தள்ளி, 5 மி.மீ. துளை போடுங்கள். பக்கப் பலகையைத் தாண்டி முன்பலகைக்குள் 25 மி.மீ.யாவது போகட்டும். ஒரு மூலைக்கு மூன்று போதும். நடுவில் இருப்பதை நேராகவும், மற்ற இரண்டைக் கொஞ்சம் மேலும் கீழும் சாய்த்தும் போட்டால் பக்கப் பலகை வெளியே விலகவும் வழியில்லை. கெட்டியான மரக்குச்சியோ மூங்கிலோ, பசை தொட்டு அடித்து இறக்கி, நீட்டியிருப்பதை அறுத்துச் சமமாக்கிவிடுங்கள். இப்போது முன்பலகையைப் பிய்க்க வேண்டுமானால் மூன்று ஆணிகளையும் குறுக்கே முறிக்க வேண்டும். உருவ முடியாது.

சரி, டவ்டெயில். தமிழில் புறாவால் இணைப்பு என்று சொல்வது இதைத்தான். இதன் பலம் பசையில் இல்லை, வடிவத்தில் இருக்கிறது. நுனியில் விரிந்த வால், அடியில் விரிந்த பற்களுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டால், ஆப்பு மாதிரி, வால் நீண்டிருக்கும் திசையில் வெளியே வராது. அந்தத் திசையில் மட்டும் என்பது முக்கியம். வால்களைப் பக்கப் பலகையிலும், பற்களை முன்பலகையிலும் வெட்ட வேண்டும். நான் முதன்முதலில் செய்த டிராயரில் இதை மாற்றி வெட்டிவிட்டேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் இழுக்கிற திசையில் எந்தப் பூட்டும் இல்லை, வெறும் பசைதான் தாங்கிக்கொண்டிருந்தது. கொஞ்ச நாளில் முன்பலகை ஆட ஆரம்பித்தது.

வாலின் சாய்வு மென்மரத்துக்கு 6-க்கு 1 (6 மி.மீ. நீளத்துக்கு 1 மி.மீ. சாய்வு), வன்மரத்துக்கு 8-க்கு 1 என்பது பழக்கத்தில் இருக்கும் கணக்கு. சாய்வு அதிகமானால் வாலின் ஓரங்கள் எளிதில் உடையும். மிகக் குறைந்தால் பிடிப்பு போய்விடும். மேலும் கீழும் அரைப் பல்லில் (ஒரு பக்கம் மட்டும் சாய்ந்த பல்) தொடங்கி அரைப் பல்லில் முடியுங்கள். அடிப்பலகை நுழையும் காடி, அதாவது நீளப் பள்ளம், ஒரு வாலின் அகலத்துக்குள் விழும்படி திட்டமிட்டால், பக்கவாட்டில் ஓட்டை தெரியாது. வால்களை முதலில் வெட்டி, அந்தப் பலகையையே மற்றதன் மேல் வைத்துப் பற்களுக்குக் கோடு கீறுங்கள். இரண்டையும் தனித்தனியாக அளந்து வெட்டியவர்கள் யாரும் முதல் தடவையிலேயே பொருத்தியதாக நான் பார்த்ததில்லை. ரம்பம் கோட்டின் கழிவுப் பக்கத்திலேயே இருக்கட்டும். ஆசை இருந்தால் மூன்று நான்கு துண்டுப் பலகைகளில் பழகிவிட்டுத் தொடங்குங்கள். கழன்ற டிராயரில் பழக வேண்டாம்.

பிளைவுட் டிராயர் என்றால் டவ்டெயில் பக்கமே போகாதீர்கள், அடுக்கு அடுக்காகப் பெயரும். பெட்டியைத் தனியாகச் செய்து, முன்பலகையை உள்ளிருந்து ஸ்க்ரூ போட்டுத் தனியாக மாட்டிவிடலாம்.

பின்மூலைக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டாம். பக்கப் பலகைகளில் 4 மி.மீ. ஆழக் காடி எடுத்து, பின்பலகையை அதில் இறக்கினால் போதும். வேகமாக இழுக்கும்போது உள்ளே இருக்கும் பொருள்கள் பின்பலகையில் போய் மோதும். அந்த அடியைக் காடியின் சுவர் தாங்கிக்கொள்ளும்.

மூலை பிரிந்தால் எல்லோரும் மூலையையே திட்டுகிறார்கள். பல நேரம் குற்றவாளி அடிப்பலகைதான். மரப் பலகை ஈரத்தில் அகலவாக்கில் உப்பும், நீளவாக்கில் அநேகமாக மாறாது. நார் முன்பின்னாக ஓடும்படி அடிப்பலகையைப் போட்டு நாலு பக்கமும் பசை தடவினால், அது உப்பும்போது இரண்டு பக்கப் பலகைகளையும் வெளியே தள்ளும். எந்த இணைப்பும் அதற்கு ஈடுகொடுக்காது. நார் இடமிருந்து வலமாக ஓடட்டும், காடியில் பசை வேண்டாம், பின்னால் நீள்துளையில் ஒரே ஒரு ஸ்க்ரூ. உப்பினால் பின்பக்கம் நகர்ந்துகொள்ளும். பிளைவுட் அடிப்பலகைக்கு இந்தத் தொல்லை இல்லை. அதைக் காடியில் பசை போட்டே ஒட்டலாம், நாலு மூலைக்கும் கூடுதல் பலம்.

இன்னும் கழலாத அந்த மூன்றாவது டிராயரைப் பிரிக்க வேண்டாம். உள்மூலைகளில் 20 மி.மீ. சதுரக் கட்டையைச் செங்குத்தாக ஒட்டி, அதன் வழியாக முன்பலகைக்குள் இரண்டு, பக்கப் பலகைக்குள் இரண்டு என 30 மி.மீ. ஸ்க்ரூ போடுங்கள். துளை போட்டுவிட்டு முடுக்குங்கள், இல்லையென்றால் கட்டை பிளந்துவிடும். உள்ளே கொஞ்சம் இடம் போகும், அவ்வளவுதான்.