நுங்குத் தோலின் துவர்ப்பு

அன்புள்ள அண்ணனுக்கு,

மண்டபம் ஊரில் நண்பர்களோடு ரெட் ஒயின் ருசி பார்த்ததை எழுதியிருந்தீர்கள். ஐரோப்பிய ஒயினைப் பழைய உலகம் என்றும், அமெரிக்கா, ஆஸ்திரேலியா போன்ற இடங்களின் ஒயினைப் புதிய உலகம் என்றும் சொல்கிறார்களே, அந்த வித்தியாசம் நிஜமாகவே நாக்குக்குத் தெரியுமா, லேபிளைப் பார்த்துச் சொல்வதா? நான் ஒருமுறை குடித்தது வாயை இழுத்துப் பிடித்தது. மத்தி வறுவலோடு சேர்ந்து இரும்பு வாடை வேறு. நம் ஊருக்கு இது ஒத்துவருமா?

எம்., பரமக்குடி

அன்புள்ள எம்.,

தெரியும். அன்று நாங்கள் ஐந்து பேர். மால்பெக் என்ற ஒரே திராட்சையில் செய்த இரண்டு பாட்டில்களைத் தாள் சுற்றி மறைத்துவிட்டு ஊற்றினோம். ஒன்று அந்தத் திராட்சையின் சொந்த நாடான பிரான்ஸிலிருந்து, காவோர் பகுதி. இன்னொன்று அது 19ஆம் நூற்றாண்டில் கடல் தாண்டிப்போய் வேர்விட்ட அர்ஜென்டினாவின் மெண்டோசா. நான்கு பேர் சரியாகச் சொன்னோம். காவோரில் புளிப்பும் துவர்ப்பும் முந்திக்கொண்டு வந்தன. மெண்டோசாவில் கனிந்த பழவாசம், வாயில் ஒரு வழுவழுப்பு. வெயில்தான் முக்கியக் காரணம். வெயில் ஏற ஏறத் திராட்சையில் சர்க்கரை கூடும், புளிப்பு குறையும். அந்தச் சர்க்கரைதான் நொதித்து ஆல்கஹால் ஆகிறது.

ஆனால் இதைச் சூத்திரமாகப் பிடித்துக்கொள்ள வேண்டாம். ஸ்பெயினின் ஹுமில்யா பகுதியும் பழைய உலகம்தான், அந்த வெயிலில் விளைவது கனத்த ஒயின். 1976இல் பாரிஸில் லேபிளை மறைத்து ருசி பார்த்த பிரெஞ்சு நடுவர்கள், ரெட் ஒயினில் கலிபோர்னியாவுக்குத்தான் முதலிடம் கொடுத்தார்கள். அதனால் பாட்டிலை மூடிவைத்தே குடித்துப் பாருங்கள்.

வாயை இழுத்தது டானின். நுங்கைத் தோலோடு கடித்தால் நாக்கு வரளுமே, அதே துவர்ப்பு. திராட்சைத் தோலிலும் விதையிலும் இருந்து வருகிறது, எச்சிலிலுள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. கொழுப்புள்ள ஆட்டுக்கறிச் சுக்காவோடு குடித்தால் அடங்கிவிடும். மத்தியோடு மட்டும் வேண்டாம். ஒயினிலிருக்கும் இரும்புச்சத்து மீன் எண்ணெயோடு சேரும்போதுதான் அந்த வாடை. உங்கள் நாக்கு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

அப்புறம், எனக்கு மனம் பொறுக்காத ஒரு விஷயம். ரெட் ஒயினை அறைச் சூட்டில் குடிக்க வேண்டும் என்பது ஐரோப்பிய வீட்டுக்கணக்கு, அதாவது 16 முதல் 18 டிகிரி. நம் கடற்கரையில் அறைச்சூடு 32. அந்தச் சூட்டில் ஆல்கஹால் மட்டும்தான் மூக்கில் ஏறும். அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

நம் ஊருக்கு ஒத்துவருமா என்கிறீர்கள். வைகை கடலில் சேருகிற இடத்துக்குப் பக்கத்தில், அழகன்குளத்தில், தோண்டியபோது ரோமானிய ஆம்போரா ஜாடிகளின் ஓடுகள் கிடைத்தன. ஒயினையும் எண்ணெயையும் கப்பலில் கொண்டுவர உதவிய ஜாடிகள். புறநானூற்றில் பாண்டியன் நன்மாறனைப் பாடும்போது, யவனர் கொண்டுவந்த மதுவை நக்கீரர் 'தண்கமழ் தேறல்' என்கிறார். குளிர்ந்து மணக்கும் தேறல்.

அடுத்த முறை கூடும்போது சொல்கிறேன், மண்டபத்துக்கு வாருங்கள். சுக்கா எங்கள் பொறுப்பு.