மனிதன் மற்ற அறிவுள்ள விலங்குகளைவிட உயர்ந்தவனா?

இல்லை என்பதுதான் என் பதில். அதற்காக "மனிதனும் குரங்கும் ஒன்றுதான்" என்று சொல்பவர்கள் பக்கமும் நான் இல்லை. வேறு எந்த உயிரிடமும் இந்த அளவுக்கு இல்லாத ஒன்று நம்மிடம் இருக்கிறது. அது எது என்பதில்தான் தப்புக்கணக்குப் போடுகிறோம்.

ஆறறிவு என்று சொல்லும்போது, ஒவ்வொரு மனிதன் தலைக்குள்ளும் விலங்குக்கு எட்டாத ஏதோ ஒரு சக்தி இருப்பதாக நினைத்துக்கொள்கிறோம். ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் வளர்ந்த அயுமு என்ற சிம்பன்சியைப் பாருங்கள். தொடுதிரையில் ஐந்து எண்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெரியும். 0.21 வினாடியில் அவை வெள்ளைக் கட்டங்களுக்குள் மறைந்துவிடும். கண்ணை ஒரு சுற்று ஓட்டக்கூட அந்த நேரம் போதாது. எந்தக் கட்டத்தில் எந்த எண் இருந்தது என்று நினைவில் வைத்து, சின்னதிலிருந்து பெரியதுவரை வரிசையாகத் தொட வேண்டும். 2007இல் வெளியான ஆய்வில் அயுமு சுமார் 80 சதவீதம் சரியாகத் தொட்டது. அதே சோதனையில் பல்கலைக்கழக மாணவர்கள் சுமார் 40 சதவீதம்தான். நிறையப் பயிற்சி கொடுத்தால் மனிதர்களும் அந்த அளவை எட்டிவிடுகிறார்கள் என்று பின்னால் வேறு ஆய்வாளர்கள் காட்டினார்கள். சரி, இருக்கட்டும். ஒரு சிம்பன்சிக்கு ஈடுகொடுக்க நாம் பயிற்சி எடுக்க வேண்டியிருக்கிறதே, அதுவே யோசிக்க வைக்கிற விஷயம்.

இன்னொன்றும் நடக்கிறது. நாம் போட்டுவைத்த எல்லைக்கோட்டை விலங்கு ஒன்று தொட்டதும், அதைத் தள்ளிப் போடுகிறோம். கருவி செய்பவன் மனிதன் மட்டுமே என்றார்கள். 1960இல் தான்சானியாவின் கோம்பேயில், சிம்பன்சி குச்சியின் இலைகளை உருவிவிட்டுக் கறையான் புற்றுக்குள் விட்டுப் பிடித்துத் தின்றதை விலங்கு ஆய்வாளர் ஜேன் குடால் பார்த்தார். கண்ணாடியில் தன்னை அடையாளம் காண்பது பெரிய விஷயம் என்றார்கள். சிம்பன்சி, டால்பின், யானை, மேக்பை பறவை என்று ஒவ்வொன்றாக அதிலும் தேறின. ஆக்டோபஸின் சுமார் 50 கோடி நரம்பணுக்களில் பாதிக்கு மேல் அதன் கைகளில்தான் இருக்கின்றன. அதை நம் அறிவோடு எந்த அளவுகோல் வைத்து ஒப்பிடுவது?

அப்படியானால் நம்மிடம் இருப்பது என்ன? எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு ஒன்று இதற்குப் பதில் சொல்கிறது. 2005இல் வந்தது. உள்ளே பரிசு வைத்த ஒரு பெட்டி. செய்து காட்டுபவர் முதலில் மேலே உள்ள ஓட்டையில் குச்சியை விட்டுக் குத்துவார். அதனால் ஒரு பயனும் இல்லை. அப்புறம் முன்பக்கக் கதவைத் திறந்து பரிசை எடுப்பார். உள்ளே தெரியாத பெட்டியாக இருந்தபோது சிம்பன்சிகள் இரண்டையும் அப்படியே செய்தன. கண்ணாடிபோல உள்ளே தெரியும் பெட்டியைக் கொடுத்ததும், குத்துவது வீண் வேலை என்று புரிந்து, அதை விட்டுவிட்டு நேராகக் கதவைத் திறந்தன. மூன்று நான்கு வயதுக் குழந்தைகளோ, எல்லாம் கண்முன்னே தெரிந்தும் வீண் குத்தலையும் விடாமல் செய்தார்கள்.

மேலோட்டமாகப் பார்த்தால் சிம்பன்சிதான் கெட்டிக்காரன். ஆனால் காரணம் புரியாவிட்டாலும் பெரியவர்கள் செய்வதை அப்படியே வாங்கிக்கொள்ளும் இந்தக் குணத்தில்தான் நம் பலம் இருக்கிறது என்று நினைக்கிறேன். அமேசான் காட்டு மக்கள் கசப்பு மரவள்ளியைத் துருவி, அலசி, பிழிந்து, நாள்கணக்கில் வைத்திருந்து பக்குவம் செய்கிறார்கள். வேகவைத்தாலே கசப்பு பெரும்பாலும் போய்விடும். ஆனால் அதில் உள்ள சயனைடு நஞ்சு முழுவதும் போகாது, அதன் கேடும் உடனே தெரியாது. எந்த ஒரு தனி மனிதனின் மூளையும் உட்கார்ந்து யோசித்து அந்த முறையைக் கண்டுபிடித்திருக்க முடியாது. பல தலைமுறை சேர்த்துவைத்தது அது. பெரியம்மை உலகத்தைவிட்டே ஒழிந்துவிட்டதாக 1980இல் அறிவிக்க முடிந்ததும் அப்படிச் சேர்ந்த அறிவால்தான். அதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் மனிதனாகப் பிறந்ததாலேயே நான் உயர்ந்தவன் என்று சொல்ல அதில் என்ன இருக்கிறது? எனக்கு அது கைமாறி வந்தது.

அப்படிக் கைமாறுவது மற்ற உயிர்களிடமும் இருக்கிறது, நம் அளவுக்கு இல்லாவிட்டாலும். தென்னாப்பிரிக்காவில் நடந்தது என் மனதை மிகவும் பாதித்தது. குரூகர் பூங்காவில் யானைகளின் எண்ணிக்கையைக் குறைக்கப் பெரியவற்றைக் கொன்றுவிட்டு, அநாதையான குட்டிகளைப் பிலான்ஸ்பர்க் என்ற வேறொரு பூங்காவுக்கு அனுப்பினார்கள். அவை பெரியவர்கள் யாரும் இல்லாமல் வளர்ந்தன. 1990களில் அந்த இளம் ஆண்களுக்கு வயதுக்கு முன்பே மதம் பிடித்தது, நீண்ட நாள் இறங்கவும் இல்லை. 40க்கும் மேற்பட்ட காண்டாமிருகங்களைக் கொன்றன. 1998இல் ஆறு பெரிய ஆண் யானைகளைக் கொண்டுவந்து விட்ட பிறகு எல்லாம் அடங்கியது. பெரிய ஆண்கள் பக்கத்தில் இருந்தால் இளசுகளின் மதம் தணிந்துவிடும். அந்தக் குட்டிகள் இழந்தது தாயை மட்டுமா? எப்படி யானையாக இருப்பது என்று கற்றுக்கொள்ளும் வழியையும்தானே. ஓர்க்கா திமிங்கிலங்களிலும் இதே கதைதான்: சால்மன் மீன் குறைந்த ஆண்டுகளில் கூட்டத்தை முன்னால் நின்று வழிநடத்துவது ஈனும் வயதைத் தாண்டிய கிழவிகள். கிழட்டு யானையையோ ஓர்க்காவையோ கொல்லும்போது ஓர் உயிரோடு கணக்கு முடிவதில்லை.

"உயர்ந்தவனா" என்ற கேள்வி பெரும்பாலும் வேறொரு நோக்கத்தோடு வருகிறது: உயர்ந்தவன் என்றால் நான் எது செய்தாலும் சரிதானே? இதை நான் ஏற்கவே மாட்டேன். மனிதர்களுக்குள் அறிவை அளந்து நாம் உயிரின் மதிப்பைத் தீர்மானிப்பதில்லை. பச்சைக் குழந்தைக்கும், மறதிநோயில் பேரப்பிள்ளையின் பெயரையே மறந்துவிட்ட தாத்தாவுக்கும் வலித்தால் ஓடுகிறோம். அங்கே நாம் பார்ப்பது வலிக்கிறதா என்பதைத்தான். யானைக்கும் வலிக்கிறது.

"தீப்பிடித்த வீட்டில் குழந்தையையா நாயையா காப்பாற்றுவாய்?" என்று உடனே ஒருவர் கேட்பார். குழந்தையைத்தான், யோசிக்கவே மாட்டேன். என் பிள்ளையும் பக்கத்து வீட்டுப் பிள்ளையும் உள்ளே மாட்டிக்கொண்டால் என் பிள்ளையிடம்தான் முதலில் ஓடுவேன். அதனால் பக்கத்து வீட்டுப் பிள்ளை தாழ்ந்தது என்று ஆகிவிடாது. அப்படி ஓர் அவசரத்தில் எடுக்கும் முடிவைக் காட்டி, தந்தத்துக்காக யானையைச் சுடுவதையும், வேடிக்கை காட்ட டால்பினைத் தொட்டியில் அடைப்பதையும் நியாயப்படுத்த முடியாது. அவற்றை நிறுத்தினால் எந்தக் குழந்தையின் உயிரும் போகப்போவதில்லை.