டாக்டர் பதில்கள்: எக்ஸ்ரேயில் தெரிந்த சிலந்தி

கேள்வி: என் மாமியாருக்கு 78 வயது. முட்டி வலிக்கு எக்ஸ்ரே எடுத்தபோது, கெண்டைக்காலில் சுருண்ட நூல் மாதிரி வெள்ளையாக ஒன்று தெரிந்தது. “அது நரம்புச் சிலந்தி. ரத்தம் கெட்டுப்போனால் உடம்புக்குள்ளேயே உண்டாகும். எங்க ஊரில் பாதிப்பேருக்கு வந்தது” என்கிறார். வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. தொற்றுமா? வெட்டி எடுக்கணுமா?
- வாசகி, பரமக்குடி

பதில்: பயப்படாதீர்கள், தொற்றாது. நரம்புச் சிலந்தி என்பது சிலந்தி இல்லை, ஒரு புழு. வெளியே வர முடியாமல் உள்ளேயே செத்துச் சுண்ணாம்பு படிந்த புழு அது. தொந்தரவு தராதவரை அங்கேயே கிடக்கட்டும். முட்டி வலிக்கு வேறு காரணம் இருக்கும், அதைப் பாருங்கள்.

மாமியார் சொன்னதற்காக அவரைக் கேலி செய்யாதீர்கள். தண்ணீரில் இருக்கும் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத பூச்சிக்குள் இந்தப் புழுவின் குஞ்சு இருக்கும். அதைக் குடித்து ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்துத்தான் காலில் கொப்புளம் வரும். போன வருஷம் குடித்த தண்ணீரை யார் சந்தேகப்படுவார்கள்? ரத்தத்தைத்தான் பழிப்பார்கள்.

கொப்புளம் நெருப்பாக எரியும். எரிச்சல் தணிய, படிக்கிணற்றில் இறங்கிக் காலை நனைப்பார்கள். புழு காத்திருப்பதே அதற்குத்தான். தண்ணீர் பட்டதும் ஆயிரக்கணக்கில் குஞ்சுகளை விட்டுவிடும். அதே படியில் அடுத்த ஆள் குடம் முக்குவார்.

நான் பயிற்சி மருத்துவராக இருந்தபோது ஒரு விவசாயி வந்தார். கணுக்காலில் தீக்குச்சி, அதில் சேமியா மாதிரி புழு சுற்றியிருந்தது. தினமும் கொஞ்சம், விரல்கடை அளவு சுற்றி, மேலே துணிக்கிழிசலால் கட்டிவிடுவாராம். அவசரப்பட்டு இழுத்தால் அறுந்து கால் வீங்கிச் சீழ் வைக்கும் என்று அவரே எனக்குப் பாடம் எடுத்தார். சரியாகத்தான் சொன்னார். இன்றுவரை இதற்கு மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. படிக்கிணறுகளை மூடி, இறைக்கும் கிணறாக மாற்றி, தண்ணீரைத் துணியில் வடிகட்டித்தான் ஒழித்தார்கள். வடிகட்டுவதிலும் ஒரு சங்கதி: துணியைத் திருப்பிப் போட்டால் நேற்று மேலே தங்கிய பூச்சி இன்று குடத்துக்குள் போய்விடும். இந்தியாவின் கடைசி நோயாளி 1996-இல், ராஜஸ்தானில். 2000-இல் நோயற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்று தந்தது.

கேள்வி: பெரியம்மைக்கு அப்புறம் உலகத்தை விட்டே ஒழியப்போவது நரம்புச் சிலந்திதான் என்று படித்தேன். இன்னும் ஏன் ஒழியவில்லை?
- கல்லூரி மாணவர், தேனி

பதில்: நாய்தான் காரணம். 1986-இல் வருஷத்துக்கு 35 லட்சம் பேருக்கு இருந்தது என்று மதிப்பிட்டார்கள். 2024-இல் உலகம் முழுக்க 15 பேர். ஆனால் ஆப்பிரிக்காவின் சாட் நாட்டில் 2012 முதல் நாய்களிடம் இதைப் பார்க்கிறார்கள். மீன் கழுவும் இடத்தில் வீசும் குடலைத் தின்று நாய்க்கு வருகிறது என்று கருதுகிறார்கள். அதனால் மீன்குடலைப் புதையுங்கள், புழு வந்த நாயைத் தண்ணீரில் இறங்காதபடி கட்டிப்போடுங்கள் என்று ஊர் ஊராகக் கேட்கிறார்கள். தகவல் சொன்னால் பணமும் உண்டு. அவிழ்த்துவிட்டே வளர்த்த நாயை வாரக்கணக்கில் கட்டி வைத்துச் சோறு போடுவது லேசான வேலையா? நம் தெருவில் சொல்லிப் பாருங்கள், தெரியும்.