லீவு முடியும் மாதத்துக்குக் காசு வையுங்கள்

கேள்வி: ஹட்டனில் ஒரு கடையில் வேலை செய்கிறேன். மாதம் 45,000 ரூபா. மனைவி டிக்கோயாப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார். நாலு மாதத்தில் முதல் குழந்தை. சேமிப்பு 80,000. தனியார் வைத்தியசாலை, தொட்டில், 31ஆம் நாள் விருந்து எல்லாம் சேர்த்தால் இரண்டு லட்சம் தாண்டுகிறது. நுண்கடன் எடுக்கலாமா?

பதில்: எடுக்க வேண்டாம். பிரசவம்தான் பெரிய செலவு என்று நினைத்துக் கணக்குப் போட்டிருக்கிறீர்கள். காசுக்கு உண்மையில் முடை வருவது, மனைவி திரும்ப மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகத் தொடங்கும் மாதங்களில்.

அரசாங்க வைத்தியசாலையில் பிரசவம் இலவசம். டிக்கோயா ஆதார வைத்தியசாலை உங்களுக்குப் பக்கம். இரவில் வலி வந்தால் 1990க்கு அழையுங்கள், அந்த அம்பியூலன்சுக்கும் காசில்லை. உங்கள் ஓட்டோ, சாப்பாட்டுச் செலவுக்கு 15,000ஐ வீட்டிலேயே தாளாக வையுங்கள்.

அடுத்தது மகப்பேற்றுச் சம்பளம். இலங்கைச் சட்டப்படி லீவு 84 நாள்: பிரசவ நாளோடு சேர்த்து முன்னால் இரண்டு வாரம், பின்னால் பத்து வாரம். 84 நாளுக்கு 6/7 வீதம், அதாவது 72 நாள் சம்பளம். மகப்பேற்று வசதிகளைத் தோட்டமே சட்டப்படி கொடுக்கும் இடத்தில் 4/7தான், 48 நாள் சம்பளம். உங்கள் தோட்டம் எதில் சேரும் என்று அலுவலகத்தில் இப்போதே கேளுங்கள்; உங்கள் கணக்கில் 24 நாள் காசு அதில்தான் கூடும், குறையும். பிரசவம் வருகிறது என்று தோட்டத்துக்கு அறிவித்தல் கொடுப்பதற்கு முந்தைய ஒரு வருடத்தில் அதே தோட்டத்தில் 150 நாளாவது வேலை செய்திருக்க வேண்டும். சம்பளத் துண்டுகளை எடுத்து எண்ணிப் பாருங்கள். அறிவித்தலை எழுத்தில் கொடுத்து, ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள்.

லீவு முடியும்போது பிள்ளைக்குப் பத்து வாரம்தான். காய்ச்சல், தடுப்பூசி, கிளினிக் என்று நாட்கள் போகும். வேலைக்குப் போன நாளிலும் பறித்த கொழுந்து கிலோ குறைந்தால் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம். மாதம் 10 பேர் (10 நாள் சம்பளம்) குறையும் என்று வையுங்கள். 2024இல் நிர்ணயித்த நாட்சம்பளம் 1,350ஐ வைத்துப் பார்த்தாலும் மூன்று மாதத்தில் 40,500 ரூபா. ஆகவே 45,000ஐத் தொடாமல் ஒதுக்குங்கள். நுண்கடனின் வாரத் தவணை சரியாக இந்த மாதங்களிலும் வந்து நிற்கும். நான் வேண்டாம் என்பதற்குக் காரணம் அதுதான். கட்டாயம் வந்தால் நகையை வங்கியில் அடகு வைப்பது அதைவிட மேல்.

பால் கொடுக்க நாளில் இரண்டு இடைவேளை அவருடைய உரிமை: பிள்ளைக்காம்பரா (பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) இருந்தால் அரை மணி வீதம், இல்லாவிட்டால் ஒரு மணி வீதம். அதை விட்டுக்கொடுக்க வேண்டாம். தாய்ப்பால் நின்றுவிட்டால் மாதாமாதம் பால்மாச் செலவு ஏறும். வைத்தியர் சொல்லாமல் டின் வாங்காதீர்கள்.

மீதி 20,000க்குள் துணிமணியும் விருந்தும். தொட்டிலுக்குச் சேலை போதும். விருந்தைச் சுருக்கினால் பெரியவர்கள் முகம் சுளிக்கலாம். இந்தக் கணக்கை அவர்களிடமே காட்டுங்கள்.

பிள்ளை பேரில் வங்கிக் கணக்கு நல்லதுதான். ஆனால் அதில் போட்ட காசைப் பொதுவாக 18 வயதுவரை எடுக்க முடியாது. அந்த 45,000ஐ அங்கே போடாமல் மனைவி பேரில் சாதாரணச் சேமிப்பில் வையுங்கள். பிறப்பை 42 நாளுக்குள், பிரசவம் நடந்த பிரிவின் பதிவாளரிடம் பதியுங்கள். பெற்றோர் பெயர் அடையாள அட்டையில் உள்ளபடியே இருக்கிறதா என்று எழுத்தெழுத்தாகப் பார்த்துவிட்டுக் கையொப்பம் போடுங்கள்.